இரண்டாவது சேதி

அத்தியாயம் 9

சர்வேயர் கண்ட்ரோல் ரூம் மேஜையிலிருந்த அந்தப் பொத்தானுக்கு முத்தம் கொடுக்கப் போகிறவர் போலக் குனிந்திருந்தார்.

"மாமா, யாரும் இல்லாதப்ப கொடுங்க. மேனேஜர் கண்ணாடி வழியா பாக்கறாரு," என்றான் வாலு.

வாலு என்பது அவனுக்கு அவன் அக்கா வைத்த பெயர். அந்த அக்காவைக் கட்டிக்கொண்டவர்தான் சர்வேயர். இன்சூரன்ஸுக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, பொய் எந்தப் பக்கத்திலிருந்து வாடை அடிக்கும் என்று பழகிப்போய், பிறகு சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியவர். முப்பது வயதாகியும் உருப்படாத தம்பியை மனைவி அவர் தலையில் கட்டிவிட்டாள். பை தூக்குவது வாலுவின் பாதி வேலை. மீதிப் பாதி, யாரும் கேட்காமலே பேசுவது.

கேஸ் இதுதான். இந்தக் குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் அறையில் அம்மோனியா கசிந்து ஒரு லோடுமேன் செத்துப்போனான். கசிந்தால் சைரன் அலற வேண்டும். அலறினால் முகமூடி போட்ட ஆட்கள் ஓடிப்போய் ஆளைத் தூக்கிவிடுவார்கள். அன்று மத்தியானம் சைரன் சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்த பெண், "தலைவலி, மியூட் பட்டனை அழுத்திட்டேன்" என்று போலீஸில் சொல்லிவிட்டாள். நாளைக் காலை நீதிபதி முன்னால் அதையே சொல்லப்போகிறாள். இப்போது ரிமாண்டில் இருக்கிறாள்; சொல்லிவிட்டால் வருஷக்கணக்கில் ஜெயில்தான்.

அவளுடைய தம்பிதான் இவர்களைத் தேடி வந்தவன். கம்ப்யூட்டர் இன்ஜினியர். இந்தக் கிடங்கின் கண்காணிப்பு மெஷினே அவன் செய்து கொடுத்ததுதான். "அக்கா பொய் சொல்றா சார். அப்பா அம்மா போனப்புறம் என்னை வளர்த்தவ. அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா? யாரையோ காப்பாத்தறா. அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க," என்று முதல் நாள் சர்வேயர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மேனேஜராக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். விசாரித்தால், மனிதர் அன்று மத்தியானம் பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்திருக்கிறார். அந்த வழி அடைந்துபோய், கையில் இந்த ஒரு நாள்தான் மிச்சம்.

"வாலு, புது ஃபோன் வாங்கினா மேல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் தாளை உரிப்பியா?" என்று கேட்டார் சர்வேயர், நிமிராமலே.

"எந்த மடையன் உரிப்பான்? அது தானா கிழிஞ்சு விழற வரைக்கும் வெச்சுக்கணும்."

"இந்தம்மாவும் உன் கட்சிதான். வந்து பாரு."

வாலு குனிந்தான். மேஜைப் பலகை முழுக்க, கம்பெனியிலிருந்து வந்த மெல்லிய தாள் அப்படியே ஒட்டியிருந்தது. தினமும் அழுத்தும் பொத்தான்களின் மேல் அது தேய்ந்து, ஓட்டையாகி, ஓரம் சுருண்டுகிடந்தது. மியூட் பொத்தானின் மேல் மட்டும் ஒரு கீறல் இல்லை. வாலு ஒரு மூலையில் நகத்தை வைத்து லேசாக அழுத்தினான். வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

"அப்ப அவங்க அழுத்தல!"

"அழுத்தல."

"அப்ப சைரன் அடிச்சிருக்கணும்."

"அடிக்கல. இத்தனை பேர் பொய் சொல்ல மாட்டாங்க."

"அப்ப சைரன் கெட்டுப்போயிருந்தது."

"அன்னிக்கு மெஷினை எல்லாம் அணைச்சுட்டாங்க. மறுநாள் மறுபடி கிளப்பி இன்ஸ்பெக்டர் டெஸ்ட் பண்ணினப்ப காது கிழியற மாதிரி அடிச்சுது."

"அப்ப..." என்று ஆரம்பித்த வாலுவிடம் 'அப்ப' தீர்ந்துபோயிருந்தது.

மூன்றாம் அறைக்குப் போனார்கள். உள்ளே பெட்டி பெட்டியாக உறைந்த மீன். வாசலில் இரட்டைக் கதவு, உள்பக்கமாகத் தள்ளித் திறப்பது. அதன் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் தகரம் நசுங்கியிருந்தது. லோடுமேன் ஒருவன் இவர்கள் பார்க்கப் பார்க்கவே தள்ளுவண்டியைக் கதவில் மோதித் திறந்துகொண்டு உள்ளே போனான். இரண்டு கையும் வண்டியில் இருக்கும்போது கதவை யார் மரியாதையாகத் திறப்பது? அங்கே எல்லாருமே அப்படித்தான்.

சர்வேயர் கதவுக்குள் ஓரடி வைத்து நின்றார். சுவரோரம் ஒரு குழாய், அதே முழங்கால் உயரத்தில். அதில் புதிதாகப் பற்றவைத்த ஒட்டு பளபளத்தது.

"அன்னிக்கு அந்தாளு கொஞ்சம் வேகமா மோதியிருக்கான். கதவு திறந்ததும் குழாய் உடைஞ்சதும் ஒரே இடி," என்றார்.

"பாவம். அதனால?"

"இன்ஸ்பெக்டர் டெஸ்ட் பண்ணினப்ப கதவு எப்படி இருந்திருக்கும்?"

"மூடித்தான் இருந்திருக்கும். திறந்து வெச்சா மீன் கெட்டுப்போகும்னு மேனேஜர் குதிச்சிருப்பாரே."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். மனசு சரியில்லாதபோது துடைப்பார் என்பது வாலுவுக்குத் தெரியும்.

கண்ட்ரோல் ரூமில் இன்ஜினியர் லேப்டாப்பும் கையுமாகக் காத்திருந்தான். மியூட் பொத்தான் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல! அக்கா அழுத்தலன்னு சொன்னேன்ல!" என்று துள்ளினான். வாலுவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, எனக்கு ஒண்ணு விளக்கணும். அறைக்குள்ள நடக்கறது இந்த மெஷினுக்கு எப்படித் தெரியுது? படிக்காதவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

இன்ஜினியருக்குத் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும் போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "மெஷினுக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு சார். அதுதான் எல்லாத்துக்கும் அடியில உட்கார்ந்து வேலை வாங்கற மேஸ்திரி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு டப்பா வெச்சிருக்கேன். கதவு திறந்தா ஒரு சேதி, வாயு கசிஞ்சா ஒரு சேதி, எல்லாம் அந்த டப்பாவுல விழும். முன்னாடி கெர்னல் என்ன பண்ணும்னா, ஒவ்வொரு டப்பாவா போய் 'ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா'ன்னு ஓயாம கேட்டுட்டே இருக்கும். அதுக்குப் பேர் போலிங்."

"என் அக்கா மாதிரி. சாப்பிட வர்றியா, வர்றியான்னு," என்றான் வாலு.

"அதேதான். பாதி நேரம் ஒண்ணும் இருக்காது. ஆனா கேட்டுக் கேட்டே மெஷின் களைச்சுப்போயிடும். சூடாகும், திணறும். அக்கா தினம் திட்டுவா, 'என்னடா உன் ஸ்கிரீன் நகரவே மாட்டேங்குது'ன்னு. அதான் மாத்தினேன். இப்ப கேள்வியே கிடையாது. சேதி விழுந்தா, அதை எடுத்து சைரன் அடிக்கற புரோகிராமை டப்பாவே எழுப்பும். அதுவரைக்கும் நிம்மதியா தூங்கும்."

"ஒவ்வொரு சேதிக்கும் எழுப்புமா?"

"அங்கதான் சார் சூட்சுமம்," என்று கண்ணைச் சிமிட்டினான் இன்ஜினியர். "ஒவ்வொண்ணுக்கும் எழுப்பினா பழைய கதைதான். காலி டப்பாவுல முதல் சேதி விழறப்ப மட்டும் எழுப்பும். அது கிடக்கறப்பவே இன்னொண்ணு விழுந்தா எழுப்பாது. அதான் ஏற்கெனவே எழுப்பியாச்சே! இதை மாத்தினதும் ஸ்கிரீன் பறந்துச்சு சார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம்."

"அதாவது," என்றான் வாலு, "வாசல்ல ஒருத்தன் பெல்லை அடிச்சுட்டு நிக்கறான். ரெண்டாவதா வந்தவன் பாக்கறான், இவன்தான் அடிச்சிருப்பானேன்னு சும்மா நிக்கறான்."

"சூப்பர்! இனிமே இப்படித்தான் எல்லாருக்கும் சொல்லப்போறேன்."

சர்வேயர் மெதுவாகக் கேட்டார். "கதவைத் திறக்கறவன் முதல் ஆளை மட்டும் உள்ள விட்டுட்டுச் சாத்திட்டான்னா?"

"அப்படிச் செய்யக்கூடாது சார். எழுந்தவன் டப்பாவைச் சுத்தமா காலி பண்ணிட்டுத்தான் திரும்பப் படுக்கணும்."

"இது அந்த சைரன் அடிக்கற புரோகிராமுக்குத் தெரியுமா?"

"அது பழைய புரோகிராம் சார், நல்லா ஓடிட்டிருந்துச்சு. அதை நான் தொடவே இல்லை. ஓடறதைத் தொடக்கூடாது, எங்க தொழில்ல..."

"எப்ப மாத்தினே?"

இன்ஜினியர் லேப்டாப்பில் தேதியைப் பார்த்தான்.

"எப்பப்பா?"

"அதுக்கு முந்தின நாள்," என்றான்.

வாலுவுக்கு நம்ப மனசு வரவில்லை. சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு என்று மாமாதானே அடிக்கடி சொல்வார்? சோதித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

அறையிலிருந்த லோடுமேன்களைச் சர்வேயர் வெளியே வரச் சொன்னார். வாலு இரவல் கம்பளிக் கோட்டில் புகுந்து, அம்மோனியா சோதனைப் பாட்டிலோடு வாயு உணர்கருவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். வெளியிலிருந்து சர்வேயர் கதவைத் தள்ளும்போது இவன் பாட்டிலைப் பீய்ச்ச வேண்டும். முதல் தடவை இவன் முந்திக்கொண்டான். சைரன் காது செவிடாகும்படி அலறியது. இரண்டாம் தடவை பிந்திவிட்டான், மறுபடி அலறல். வெளியே லோடுமேன்கள் அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார்கள். வாலுவுக்கு அந்தத் திட்டும் அந்தச் சத்தமும் தேனாக இனித்தன. அடிக்கிறதே, அடிக்கிறதே!

மூன்றாம் தடவை கதவும் பாட்டிலும் ஒன்றாகச் சேர்ந்தன.

சத்தமே இல்லை. குளிர்க்காற்று ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. வாலு மறுபடி பீய்ச்சினான். பாட்டிலை உணர்கருவியின் மேலேயே கவிழ்த்தான். கண்ணில் நீர் வழிய, மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடியும் மறுபடியும் பீய்ச்சினான். சைரன் செத்துக்கிடந்தது. கதவு திறந்த சேதி மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாயு கசிந்த சேதி டப்பாவின் அடியில் கிடக்கிறது. மெஷினை அணைத்து மறுபடி கிளப்பி டப்பா காலியாகாத வரைக்கும் இனி எது விழுந்தாலும் யாரும் எழப்போவதில்லை.

இருமிக்கொண்டே கண்ட்ரோல் ரூமுக்கு ஓடி வந்தான். திரையில் 'மூன்றாம் அறை, கதவு திறப்பு' என்று ஒரே ஒரு வரி. அதன் முன்னால் இன்ஜினியர் பேயறைந்தவன் போல நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பழைய புரோகிராம் ஒரு தடவைக்கு ஒண்ணுதான் எடுக்கும்," என்றான் யாரிடமோ பேசுவது போல. "மிச்சத்தை அடுத்த சுத்துல கேட்டுக்கலாம்னு விட்டுடும். அந்தக் கேட்கற சுத்தை நான்தான் நிறுத்திட்டேன். நான்தான் சார். அவ காப்பாத்தறது என்னைத்தான்."

வாலு ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினான்.

சர்வேயர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "எதையும் தொடாதே. இப்ப இந்த மெஷின் இருக்கற நிலைமைதான் உங்கக்காவுக்கு ஒரே சாட்சி," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் இன்ஸ்பெக்டர் சிரிப்பது எல்லாருக்கும் கேட்டது.

"மெஷினைச் செஞ்சவன் தம்பி. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான். நேத்து வரைக்கும் அடிச்ச சைரன் கோர்ட்டுக்கு முந்தின நாள் அடிக்கலையா? நல்லா இருக்கே! நானா இருந்தாலும் எங்கக்காவுக்காக இதைத்தான் செஞ்சிருப்பேன்."

"ஒரு தடவை வந்து கண்ணால பாருங்க சார்."

"நாளைக்கு அந்தம்மா ஒத்துக்கட்டும், அப்புறம் சாவகாசமா பாக்கலாம்."

ஃபோனை வைத்த கையோடு மேனேஜர் உள்ளே வந்தார். "உங்க விளையாட்டு முடிஞ்சுதா? வெளிய லாரி வரிசையா நிக்குது. ஆளுங்களை உள்ள அனுப்பிட்டேன்."

"சைரன் வேலை செய்யல சார்! யாரையும் அனுப்பாதீங்க!" என்று கத்தினான் இன்ஜினியர்.

"என்னப்பா விளையாடறே? இப்பத்தானே ரெண்டு தடவை அலறுச்சு. என் காதே போச்சு."

விளக்கினார்கள். வாலு தன் வாசல் பெல் கதையைக்கூடச் சொல்லிப் பார்த்தான். மேனேஜர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். கண்ணாடிக்கு அப்பால் லோடுமேன்கள் வண்டியைக் கதவில் மோதி மோதி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் இன்ஜினியரின் தோள் தூக்கிப்போட்டது.

அவன் லேப்டாப்பைத் திறந்தான். சர்வேயர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சரி பண்ணிட்டா, தப்பு இருந்ததுங்கறதுக்கு எதுவும் மிஞ்சாது. நாளைக்கே பழையபடி போட்டுக் காட்டினாலும், கேஸுக்காக நீயே கெடுத்து வெச்சேன்னுதான் சொல்வாங்க. உங்கக்கா உள்ளேயே போயிடுவா. புரியுதா?"

"உள்ள ஆளுங்க இருக்காங்க சார்."

சர்வேயர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். 'விடாதீங்க மாமா' என்று கத்த வேண்டும் போலிருந்தது வாலுவுக்கு. கத்தவில்லை. வண்டி இன்னொரு முறை கதவில் மோதியது.

இன்ஜினியர் சேர்த்தது ஒரே ஒரு வரி. டப்பா காலியாகும் வரைக்கும் எடு, பிறகுதான் தூங்கு. அடித்து முடித்து மெஷினை மறுபடி கிளப்பினான். வாலு போய்க் கதவையும் பாட்டிலையும் ஒன்றாக்கிப் பார்த்தான். சைரன் அலறியது. எத்தனை தடவை செய்தாலும் தவறாமல் அலறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இன்ஜினியர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் ஜெயிலில் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும் என்று ஓடினார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரின் அக்கா வந்து நின்றாள். ஒடிசலான பெண். தம்பியைப் பார்த்ததும், "ஏன்டா தாடியோட திரியறே? ஒரு ஷேவ் பண்ணிக்க முடியல?" என்றாள்.

தம்பி சொன்னான். டப்பா, முதல் சேதி, இரண்டாவது சேதி, ஒரு வரி, எல்லாவற்றையும் தேம்பித் தேம்பிச் சொன்னான். அவள் முகத்தில் ஆச்சரியம் மருந்துக்குக்கூட இல்லை.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"முந்தின நாள் நீ வந்து மாத்தினே. மறுநாள் அது அடிக்கல. இதுக்கு ஒரு துப்பறியறவர் வேணுமாடா?"

சர்வேயரின் இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு மூக்குடைப்பு கிடைத்ததில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் வலையை நெருங்கினார். "அம்மா, நாளைக்கு உண்மையைச் சொல்லுங்க. தெரிஞ்சு செஞ்ச தப்பு இல்லையே இது. நாங்களும் வந்து சாட்சி சொல்றோம்."

"யாரு சார் நம்புவாங்க? போலீஸ் நம்பிச்சா?"

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நம்ப வைக்கறேன்," என்றான் தம்பி. "நாளைக்குக் கோர்ட்ல எழுந்து நின்னு நான்தான்னு கத்தறேன். என்னை உள்ள வைக்கட்டும்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "இதே மாத்தம் வேற எங்கெல்லாம் பண்ணினே?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கேக்கறேன்ல?"

"எல்லா இடத்துலயும்," என்றான். "நீ நல்லா இருக்குன்னு சொன்னியா, அந்த சந்தோஷத்துல அன்னிக்கே எல்லாருக்கும் அனுப்பிட்டேன். வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. கோல்டு ஸ்டோரேஜ், பாய்லர் வெச்சிருக்கறவங்க, ரசாயனக் குடோன்..."

"சொல்லிட்டியா அவங்ககிட்ட?"

"வர்ற வழியில ஃபோன் பண்ணினேன். டெஸ்ட் பண்ணினா அடிக்குதேங்கறாங்க. கோர்ட்ல மாட்டின கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்டு ஓடற மெஷினை நிறுத்த முடியாதாம். நேர்ல போய்க் கால்ல விழுந்தாத்தான் முடியும் போல."

"அப்ப இங்க நின்னு என்னடா பண்றே?"

"அக்கா..."

"நாளைக்கு நீ கத்தினா உன்னையும் பிடிச்சு வெச்சுப்பாங்க. எவன் ஊர் ஊரா போய் அதைச் சரி பண்ணுவான்? அந்த மேனேஜரா?" அவள் வலையை நெருங்கி நின்றாள். "செத்துப்போனவன் தினம் உள்ள போறப்ப எனக்குக் கையாட்டிட்டுத்தான் போவான். இன்னும் எத்தனை பேரு உன் மெஷினை நம்பி உள்ள போயிட்டிருக்காங்க? கிளம்பு. இப்பவே கிளம்பு."

அவன் வலையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தான். அவள் வலைக்குள் விரலை விட்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். காவலர் நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார்.

வெளியே வந்ததும் இன்ஜினியர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். வாலு சர்வேயரின் கையைப் பிடித்து உலுக்கினான். "ஏதாவது பண்ணுங்க மாமா. உங்களுக்குத் தோணாததா? ஏதாவது ஒண்ணு!"

"அக்கா யாரைக் காப்பாத்தறான்னு கண்டுபிடிக்கச் சொன்னான் தம்பி. கண்டுபிடிச்சுட்டேன்," என்றார் சர்வேயர். அவர் குரலில் அப்படி ஒரு வெறுப்பை வாலு கேட்டதே இல்லை. அன்று வீட்டில் வாலுவின் அக்கா சாப்பிட வர்றியா என்று கூப்பிட்டபோது, அவன் முதல் அழைப்பிலேயே எழுந்து போய் உட்கார்ந்தான்.

மறுநாள் கோர்ட்டில் கூட்டம் இல்லை. செத்துப்போன லோடுமேனின் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்து, கூண்டில் நின்றவளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு மட்டும் கூண்டிலிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். சர்வேயர் எழுந்து சாட்சி சொல்ல அனுமதி கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவரே தனக்குச் சாட்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக வக்கீல் தெரிவித்தார்.

நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துவிட்டு ஒத்துக்கொள்கிறாளா என்று கேட்டார். அவள் கோர்ட் அறையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும், ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்தாள். தம்பி எங்கேயும் இல்லை. அது உறுதியான பிறகுதான் நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க," என்றாள்.